24 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்க எந்த மாஸ்ஃபெட்?

24 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட், 5 ஆம்பியர் எடுக்கும் சுற்று; அதில் மாறிமாறி ஆன்-ஆஃப் ஆகும் சுவிட்சுகள்தான் இரண்டு மாஸ்ஃபெட்டுகள், வேகம் 100 கிலோஹெர்ட்ஸ். 49 ஆம்பியர் தாங்கும் ஐஆர்எஃப்இசட்44என் இரண்டு போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 49-ஐ மறந்துவிடுங்கள். மாஸ்ஃபெட்டின் உறை 25 டிகிரியிலேயே நின்றால்தான் அந்தக் கணக்கு.

24 வோல்ட்டை உள்ளே விடும் மேல் மாஸ்ஃபெட் ஏறத்தாழ 21 சதவீத நேரமே கடத்துகிறது. ஐஆர்எஃப்இசட்44என்-இன் 17.5 மில்லிஓம் மின்தடையில் கடத்தல் இழப்பு 0.1 வாட்கூட வராது. ஆனால், ஆன் ஆகவும் ஆஃப் ஆகவும் மொத்தம் 100 நானோவினாடி பிடித்தால், அதிலேயே 0.6 வாட் போய்விடும். ஆகவே மேலே, கேட் மின்னூட்டம் (ஆன் செய்யும் முனையான கேட்டை நிரப்பத் தேவையானது) குறைந்ததைத் தேடுங்கள். மீதி 79 சதவீத நேரம் மின்னோட்டத்தைச் சுமக்கும், தரைப் பக்கத்துக் கீழ் மாஸ்ஃபெட்டுக்குத்தான் குறைந்த மின்தடை முக்கியம். இரண்டுக்கும் ஒரே பாகத்தை வாங்குவது சோம்பேறித்தனம், நானும் செய்திருக்கிறேன்.

பலரும் சறுக்குவது கேட்டில்தான். ஐஆர்எஃப்இசட்44என்-இன் 63 நானோகூலும் மின்னூட்டத்தை மைக்ரோகண்ட்ரோலரின் 20 மில்லிஆம்பியர் முனை நிரப்ப 3 மைக்ரோவினாடிக்கு மேல் ஆகும். மேல் மாஸ்ஃபெட் கடத்த வேண்டிய நேரமே 2.1 மைக்ரோவினாடிதான்! போதாக்குறைக்கு, அதன் கேட் 24 வோல்ட்டுக்கும் மேலே இன்னும் 10 வோல்ட் உயர வேண்டும். கேட்டை வேகமாக நிரப்பும் கேட் டிரைவர் ஐசி, அதுவும் அந்தக் கூடுதல் மின்னழுத்தத்தை ஒரு மின்தேக்கி மூலம் தரும் பூட்ஸ்ட்ராப் வசதியுள்ளது இல்லாமல் தொடங்காதீர்கள்.

தரவுத்தாளில் கேட்டுக்கு 2 முதல் 4 வோல்ட் என்றிருப்பதைப் பார்த்து அதுவே போதும் என்று எண்ணாதீர்கள்; அது வெறும் 250 மைக்ரோஆம்பியர் ஓடத் தொடங்கும் இடம். அந்த 17.5 மில்லிஓம் கிடைப்பது கேட்டுக்கு 10 வோல்ட் கொடுக்கும்போது.

மாஸ்ஃபெட்டின் மின்னழுத்தத் தாங்குதிறன் 40 வோல்ட் போதும். பலகையில் தடங்கள் நீளமாக ஓடினால் மின்னழுத்தம் துள்ளும், அப்போது 60.