கிடாக்குட்டிகளுக்குச் சுருள்பாசி தரலாமா?

கேள்வி: என்னிடம் ஏழு மாதம் நிரம்பிய செம்மறிக் கிடாக்குட்டிகள் நான்கு உள்ளன. மூன்று மாதங்களில் அவற்றைப் பெட்டை ஆடுகளுடன் சேர்க்க எண்ணியுள்ளேன். ஸ்பைருலினா எனும் சுருள்பாசித் தூளைக் கொடுத்தால் உடல் தேறும், விந்தின் தரமும் கூடும் என்கிறார்கள். குளத்தில் படரும் பாசியையே காயவைத்துக் கொடுத்தால் போதாதா?

பதில்: குளத்துப் பாசி வேண்டவே வேண்டாம். தேங்கிய நீரில் சாயம் கரைத்தாற்போல் பரவும் நீலப்பச்சைப் பாசிகளில் சில, மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. கல்லீரலைக் கெடுக்கும் அந்த நஞ்சு, காயவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் போவதில்லை. சுருள்பாசியும் நீலப்பச்சைப் பாசிதான் என்பதால், தூய தொட்டியில் வளர்த்து, நஞ்சுக்கும் கன உலோகங்களுக்கும் சோதனை செய்த தூளையே வாங்க வேண்டும்.

சுருள்பாசியின் உலர் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் புரதம். விந்தணுவின் மேலுறையில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதி என்பதால் அது ஆக்சிகரணத்தால், அதாவது ஆக்சிஜனின் தாக்குதலால், எளிதில் சிதையும். சுருள்பாசியிலுள்ள கரோட்டினும் ஃபைகோசயனின் என்ற நீல நிறமியும் அச்சிதைவைத் தடுக்க உதவக்கூடியவை. ஆனால் பாசிகளின் நல்ல கொழுப்பில் பெரும்பகுதியை ஆட்டின் பெருவயிற்று நுண்ணுயிரிகள் மாற்றிவிடுகின்றன. விளம்பரங்களில் இதைக் காண முடியாது.

கிடாவின் உடலில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 47 நாட்களும், அது முதிர்ந்து வெளிவர மேலும் இரண்டு வாரங்களும் ஆகின்றன. ஆகவே இன்று கலக்கும் தூளின் பலனை இரண்டு மாதம் கழித்தே எதிர்பார்க்கலாம். இன்று வரும் காய்ச்சலின் கேடும் அதுவரை நீடிக்கக்கூடும். உங்களிடம் மூன்று மாதம் இருப்பதால் இப்போதே தொடங்குவது சரி.

தூளுக்குச் செலவழிக்கும் முன் ஒரு தையல் நாடாவை எடுங்கள். கிடாவை நிற்கவைத்து, இரு விதைகளையும் மெல்லக் கீழே இறக்கிப் பிடித்து, விதைப்பையின் பருத்த இடத்தில் சுற்றளவைப் பாருங்கள். பெரிய உடலமைப்புள்ள இனங்களில், சேர்க்கைக்கு விடும் இளங்கிடாவுக்குச் சுமார் 30 செ.மீ. இருப்பது நல்லது, சிறிய இனங்களில் இது குறையும். விதைகளில் ஒன்று சிறுத்தோ கட்டி தட்டியோ இருந்தால், எந்தப் பாசியும் அதைச் சரிசெய்யாது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குடற்புழு நீக்கமும் பசுந்தீவனமும் செம்மறிக்கென்றே தயாரித்த தாது உப்பும் முதலில் அமையட்டும். மாட்டுக்கான தாது உப்பில் செம்பு அதிகமாக இருக்கலாம். செம்மறியால் அதைத் தாங்க முடியாது. பாசித் தூளை உலர்ந்தபடி தூவினால் கிடா மூக்கால் ஊதித் தள்ளிவிடும். ஆகவே நீர் தெளித்த தவிட்டில் சிட்டிகை அளவில் தொடங்கி, பத்து நாட்களில் உறையில் குறிப்பிட்ட அளவுக்கு உயர்த்துங்கள்.