தலைமை ஆசிரியர்களுக்கு இணையக் குழு எதற்கு? கேள்வியும் பதிலும்

கேள்வி: இப்போதுதான் தலைமை ஆசிரியை ஆனேன். பள்ளியிலேயே நெருங்கிய நண்பர்கள் இருக்கும்போது வெளியே ஒரு குழு வேண்டுமா?

நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் விடுப்பு விண்ணப்பத்தில் இனி கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தான் மேடம். ஒருவர் தினமும் தாமதமாக வருகிறார் என்றால் அதை அவருடைய தோழியிடமே போய்ப் புலம்ப முடியாது, மேலதிகாரியிடம் கேட்கலாம் என்றால் "இதுகூடத் தெரியாதா" என்று நினைத்துவிடுவாரோ என்று தயக்கம். இதே நாற்காலியில் வேறு ஊரில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பதுதான் நிம்மதி.

கேள்வி: எங்கள் குழுவில் நிறைய பேர் இருக்கிறோம். பிறந்தநாள் வாழ்த்தும் சுற்றறிக்கையும் தவிர எதுவும் வருவதில்லையே சார்?

ஆய்வுக்கு வரும் அதிகாரி யாராவது உள்ளே இருக்கிறாரா, முதலில் அதைப் பாருங்கள். ஒரே ஒருவர் இருந்தாலும் போதும், எல்லோரும் கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். அவர் நல்லவரா என்பதல்ல பிரச்சினை, நம்மை மதிப்பிடும் இடத்தில் இருக்கிறார் என்பதுதான்.

அப்புறம், குழுவை நடத்த ஒரு ஆள் வேண்டும். இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு புதிய தலைமை ஆசிரியர்களுக்காக 'டாக்கிங் ஹெட்ஸ்' என்று ஒரு இணையக் குழு தொடங்கினார்கள். உரையாடலை வளர்க்கவே அதில் தனியாக ஆட்கள் இருந்தார்கள், 'ஹாட் சீட்' என்று விவரமறிந்த ஒருவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பதும் நடந்தது (இப்போது என்னை நீங்கள் உட்காரவைத்திருக்கிறீர்களே, அதேதான்). பொதுவில் "யாராவது பேசுங்கள்" என்றால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கால அட்டவணை போடுவதில் கெட்டிக்காரர் யார் என்று தெரிந்து, தனியாக அவருக்கு ஒரு செய்தி போட்டு, "அந்தக் கேள்விக்கு நீங்கள் சொன்னால் நன்றாக இருக்கும்" என்று இழுத்து வரவேண்டும்.

கேள்வி: நான் படிப்பதோடு சரி, எழுதியதே இல்லை. தப்பா?

இல்லவே இல்லை. மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் 1991-இல் எழுதிய நூலில் தையல் பழகுபவர்களைப் பற்றிச் சொல்வார்கள்: முதலில் பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது, துணியை வெட்டுவதெல்லாம் கடைசியில்தான். குழுவில் படிப்பதோடு நிற்பதும் அப்படித்தான், ஓரத்தில் இருப்பதும் பங்கேற்புதான்.

கேள்வி: வாட்ஸ்அப் போதாதா?

அவசரத்துக்குப் போதும். ஆனால் போன பருவத்தில் வந்த அருமையான பதிலை இன்று தேடி எடுத்துப் பாருங்கள், தெரியும். தலைப்புவாரியாகப் பிரித்து வைக்கும் இடம் ஒன்றும் வேண்டும்.

கேள்வி: ரகசியம் வெளியே போய்விட்டால்?

போகும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும். "எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்" என்று எழுதினால் பெயர் சொல்லாவிட்டாலும் உங்கள் பள்ளியில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். "அனுபவமுள்ள ஒரு ஆசிரியர்" போதும். குழந்தையைப் பற்றிய விவரம் எதுவும் வேண்டாம். அதிலும் குழந்தையின் பாதுகாப்பு பற்றிப் புகார் வந்தால் குழுவில் கருத்துக் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். குழந்தை சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே எழுதி, நேரத்தைக் குறித்து, சட்டப்படி யாரிடம் தெரிவிக்கவேண்டுமோ அவரிடம் உடனே தெரிவியுங்கள்.