அமெரிக்காவின் 'பிராம்ஸ்' தாய்மார் கணக்கெடுப்பு என்பது என்ன?

குழந்தை பெற்ற பெண்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் அவர்கள் உடம்பும் மனசும் எப்படி இருந்தன என்று கேட்டறியும் ஏற்பாடுதான் பிராம்ஸ். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, மாநில சுகாதாரத் துறைகளோடு சேர்ந்து 1987-இல் இதைத் தொடங்கியது.

ஏன் தேவைப்பட்டது? மருத்துவமனைப் பதிவேட்டில் குழந்தையின் எடை இருக்கும், சிசேரியனா இல்லையா என்பது இருக்கும். வீட்டுக்குப் போன பிறகு அம்மா காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தாரா, தாய்ப்பால் ஏன் சீக்கிரமே நின்றது, கர்ப்பமாக இருந்தபோது கணவன் அடித்தானா, இதெல்லாம் எந்தப் பதிவேட்டில் ஏறும்? அவரையே கேட்டால்தான் உண்டு. அதனால் பிரசவமாகிச் சில மாதங்கள் கழித்துத் தபாலில் வினாத்தாள் போகும். பதில் வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுவார்கள்.

சரி, சிலரை மட்டும் கேட்டால் போதுமா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஆனால் மேலாக ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தால் அடிப்பிடித்தது தெரியாது. அதனால் பிறப்புப் பதிவிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கும்போதே, எடை குறைந்து பிறந்த குழந்தைகளின் அம்மாக்கள் போன்ற சிறு பிரிவினரைப் பல மாநிலங்கள் வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்க்கின்றன. அப்புறம் மாநில அளவில் கணக்குப் போடும்போது அந்தக் கூடுதலைச் சரிக்கட்டிவிடுவார்கள். கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் நியாயமான வழி.

விருப்பமுள்ள யாரும் இதில் கலந்துகொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, குலுக்கலில் பெயர் வந்தவர்களிடம் மட்டுமே கேட்பார்கள், பதில் சொல்வதும் சொல்லாததும் அவர்கள் இஷ்டம்.