இன்டர்வியூ முடிந்து பத்து நாளாகப் பதில் இல்லை. நானே கேட்டால் தவறாக நினைப்பார்களா?

தாராளமாகக் கேளுங்கள். ஆள் எடுக்கும் பக்கத்தில் சில வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். மரியாதையாக ஒரு மெயில் போட்டுக் கேட்டார் என்பதற்காக யாரையும் வேண்டாமென்று ஒதுக்கியதைப் பார்த்ததில்லை. ஒரே நாளில் மூன்று தடவை போன் அடித்தவரைப் பற்றி அலுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பத்து நாளில் உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும். உங்களைக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் லீவில் போயிருப்பார். அவர் கருத்து எழுதித் தராமல், ஆள் எடுப்பதைக் கவனிக்கும் எச்ஆர் பிரிவு அடுத்த அடி வைக்க முடியாது. உங்களுக்குப் பிறகு இன்னும் நாலு பேரைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆளை முடிவு செய்த பிறகும் சம்பளத்துக்கு மேலிடத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். இன்னொன்றும் உண்டு, அதை வெளியே சொல்ல மாட்டார்கள். முதலிடத்தில் இருப்பவருக்கு ஆஃபர் கொடுத்துவிட்டு, அவர் சரி என்று சொல்லும்வரை இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கு எந்தப் பதிலும் சொல்லாமல் வைத்திருப்பார்கள். முதல் ஆள் வரவில்லை என்றால் இரண்டாமவருக்கு அழைப்பு போகும். அதனால் பதில் வராததை வைத்து வேலை கிடைக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். கிடைத்துவிடும் என்றும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அவர்கள் ஏதாவது தேதி சொல்லியிருந்தால் அது தாண்டி இரண்டு வேலை நாள் விட்டுக் கேட்கலாம். எதுவுமே சொல்லவில்லை என்றால் ஒரு வாரம், பத்து நாள் போதும். நீங்கள் இன்றே அனுப்பலாம்.

புதிதாக மெயில் தொடங்காமல், இன்டர்வியூவுக்கு அழைத்தார்களே, அதே மெயிலுக்கு ரிப்ளை போடுங்கள். எச்ஆரில் இருப்பவர் ஒரே சமயத்தில் பல வேலைகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார். நீங்கள் யார், எந்த வேலைக்கு வந்தீர்கள் என்று அவரைத் தேட வைத்தால், அந்த மெயில் ‘அப்புறம் பார்க்கலாம்’ கணக்கில் போய்விடும். இவ்வளவு எழுதினால் போதும்:

“வணக்கம். கடந்த 12ஆம் தேதி கணக்காளர் பணிக்கான நேர்காணலுக்கு வந்திருந்தேன். முடிவு எப்போது தெரியவரும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். என்னிடமிருந்து ஏதேனும் ஆவணம் தேவைப்பட்டால் உடனே அனுப்பி வைக்கிறேன். நன்றி.”

கீழே பெயரும் போன் நம்பரும். இதில் ‘நான் செலக்ட் ஆகிவிட்டேனா’ என்று கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் பெரும்பாலும் மெயிலைப் படிப்பவர் கையில் இருக்காது. ‘எப்போது தெரியும்’ என்றால் விசாரித்தாவது ஒரு வரி எழுதிவிடுவார். குடும்பக் கஷ்டம், உங்கள் திறமைகளின் பட்டியல் எல்லாம் இங்கே வேண்டாம்.

அவர்களாக வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் ஒழிய அங்கே போகாதீர்கள். மேனேஜரை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்துக் கேட்பதும் எனக்குப் பிடிக்காது. இதில் மற்றவர்கள் என்னோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். கம்பெனிக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சி மூலமாகப் போயிருந்தால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். நேராகக் கம்பெனியைக் கேட்டால் இரண்டு பக்கமும் கடுப்பாவார்கள்.

ஒரே ஒரு விஷயம் ஃபைலை வேகமாக நகர்த்தும்: கையில் இன்னொரு ஆஃபர். “வேறொரு இடத்தில் ஆஃபர் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், உங்களிடம் சேரவே விருப்பம்” என்று எழுதினால் கட்டாயம் கவனிப்பார்கள். உண்மையாக இருந்தால் மட்டும். சும்மா அடித்துவிட்டு, “வாழ்த்துகள், அங்கேயே சேர்ந்துவிடுங்கள்” என்று பதில் வந்தால் என்ன செய்வீர்கள்?

பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அதற்கும் வரவில்லையா, விட்டுவிடுங்கள். இதற்கிடையில் மற்ற இடங்களுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தாதீர்கள். வாய்வார்த்தையை நம்பி இப்போதைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள், எழுத்தில் வரட்டும். ஆஃபர் லெட்டருக்குப் பணம் கட்டச் சொன்னால் அது மோசடி.

அடுத்த இன்டர்வியூவில் “உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள் இல்லையா, அப்போதே “முடிவு எப்போது தெரியும், யாரிடம் விசாரிக்கலாம்?” என்று கேட்டு, வெளியே வந்ததும் போனில் குறித்துக்கொள்ளுங்கள்.