‘ஸ்வெட் சூட்’டும் ஓ.ஆர்.எஸ். டப்பாவும்

கேள்வி: என் தம்பி போலீஸ் செலக்‌ஷனுக்காகத் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஓடுகிறான். உடம்பு குறையும் என்று சொல்லி ஒரு கடையில் 1,400 ரூபாய்க்கு ‘ஸ்வெட் சூட்’ கொடுத்தார்கள். மூன்றாம் நாளே ஜிப் பிய்ந்துவிட்டது. “ஆஃபர் ஐட்டம், திரும்ப எடுக்க மாட்டோம்” என்கிறார்கள். ஓ.ஆர்.எஸ். என்று போட்ட ஜூஸ் டப்பா வேறு தினம் இரண்டு வாங்குகிறான். என்ன செய்ய?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஜிப் பிய்ந்தது நல்லதுக்குத்தாம்மா. வியர்வை காயும்போதுதான் உடம்புச் சூடு இறங்கும். காற்றுப் புகாத அந்த ஸ்வெட் சூட் வியர்வையைக் காயவிடாது. சித்திரையில் திருச்செந்தூர்ப் பக்கம் போனால் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும், ஆனால் உடம்பு ஆறாதே, அந்தப் புழுக்கத்தைத்தான் தம்பி காசு கொடுத்து வாங்கி மாட்டியிருக்கிறார். தராசில் குறைகிற ஒரு கிலோ, ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். குடித்ததும் திரும்பி வந்துவிடும்.

பணத்தை விடாதீர்கள். பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். ஆஃபரில் விற்றாலும் பழுது பழுதுதான். எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மசியாவிட்டால் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.

அந்த டப்பா பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போடக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. அசல் வேண்டுமென்றால் மெடிக்கலில் 20.5 கிராம் பொடிப் பாக்கெட் கேளுங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட். அரை லிட்டர் பாட்டிலில் முழுசையும் கொட்டக் கூடாது. உண்மையில் போலீஸ் செலக்‌ஷனுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடிப் பழக அதுவும் தேவையில்லை. உப்புப் போட்ட நீராகாரம் போதும். பதநீர் கிடைத்தால் ஓடி முடித்த பிறகு.

வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் பனியன் இரண்டு. பருத்தி வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும்.

நாலு மணி ஓட்டத்தை முதலில் நிறுத்துங்கள், அந்நேரம் தார் ரோடே கொதிக்கும். விடியற்காலம் ஐந்தரைக்குப் போகட்டும்; புழுக்கம் இருந்தாலும் வெயில் இராது. வெக்கை உடம்புக்குப் பழக பத்துப் பதினாலு நாள் ஆகும், அதுவரை வேகம் கூட்ட வேண்டாம். ஓடும்போது புல்லரித்தாலோ பேச்சுக் குழறினாலோ நிழலில் கிடத்தி, தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.