பின்னை மாத்தினா போதுமா?

(பதில் சொல்பவர், தருமபுரியில் 30 வருடமாக மோட்டார் காயில் கட்டும் கடை நடத்துகிறார்.)

கேள்வி: கல்யாணம் முடிந்து என் மகள் தை மாதம் மாப்பிள்ளையோடு அமெரிக்கா, டல்லாஸ் போகிறாள். சீரில் வைத்த 750 வாட் மிக்ஸி, 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி மூன்றும் அட்டைப் பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன. ‘பின் மாற்றும் அடாப்டர் இருந்தால் போதும்’ என்கிறார் கடைக்காரர். அனுப்பலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: வேணாம்மா. அந்த அடாப்டர் பின்னோட உருவத்தைத்தான் மாத்தும், கரண்டை மாத்தாது. நமக்கு வர்றது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ்னா கரண்ட் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை முன்னும் பின்னும் போய் வருதுங்கிற கணக்கு. அங்கே சுவத்து பிளக்குல வர்றது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மிக்ஸியைக் கவுத்துப் பாருங்க, அடியில ஒட்டியிருக்கிற பட்டையில நம்ம கணக்குத்தான் போட்டிருக்கும்.

வோல்ட் பாதின்னா சூடும் பாதி வரும்னு நினைப்போம். கால்வாசிதான் வரும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி அங்கே 270 வாட் பெட்டி. கைக்குட்டைச் சுருக்கம்கூடப் போகாது. இதையே திருப்பிப் போட்டா இன்னும் மோசம். என் தங்கச்சி மகள் அமெரிக்காவுல இருந்து ஆசையா ஒரு காபி மெஷின் கொண்டுவந்து கொடுத்தா. ஊருக்கெல்லாம் வோல்ட் பாடம் நடத்துற நானே, பட்டையைப் பார்க்காம கடையில சொருகிட்டேன். ஒரு டம்ளர் தண்ணி சுடுறதுக்குள்ள புகை. வேலை பார்க்கிற பையன் இன்னைக்கும் ‘அண்ணா, காபி?’னு கேட்டுட்டுச் சிரிப்பான்.

டிரான்ஸ்ஃபார்மர் வெச்சு 120-ஐ 230 ஆக்கலாமேன்னு மாப்பிள்ளை சொல்லுவார். ஆக்கலாம். ஆனா மிக்ஸி ஸ்டார்ட் ஆகும்போது ஒரேயடியா இழுக்கும், அதனால 750 வாட்டுக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மராவது வேணும். அது மிக்ஸியைவிடக் கனம். தேங்காய்ச் சட்னிக்கு இவ்வளவு பாடு எதுக்கு?

கிரைண்டர்ல வேற ஒரு சிக்கல். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாத்துமே தவிர ஹெர்ட்ஸை மாத்தாது. மிக்ஸியில கார்பன் பிரஷ் மோட்டார், அதுக்கு ஹெர்ட்ஸ் பெரிய விஷயமில்லை. கிரைண்டர்ல இருக்கிறது கெப்பாசிட்டர் போட்ட இண்டக்ஷன் மோட்டார். அது ஓடுற வேகமே ஹெர்ட்ஸைப் பொறுத்ததுதான். 50 ஹெர்ட்ஸுக்குக் கட்டினது 60-ல அஞ்சுல ஒரு பங்கு வேகமா சுத்தும். கல்லும் அதே வேகத்துல சுத்தும், மாவு சூடேறும். காயிலைப் பிரிச்சு, பாதிச் சுத்து, இரண்டு மடங்கு கனக் கம்பின்னு 120-க்கு மாத்திக் கட்டலாம். கட்டத் தெரிஞ்ச நானே சொல்றேன், புது மோட்டார்ல அதைச் செய்யாதீங்க. கம்பெனி வாரண்டி அன்னையோட போச்சு.

அமெரிக்காவுக்குன்னே 110 வோல்ட்ல மிக்ஸியும் கிரைண்டரும் நம்ம ஊர் கம்பெனிகளே செய்யுறாங்க. அது 120-ல தாராளமா ஓடும். பில் இருந்தா மூணையும் கடையில கொடுத்து, அந்த வகை வரவழைச்சுத் தரச் சொல்லுங்க. இஸ்திரிப் பெட்டியை அங்கேயே வாங்கிக்கட்டும். ஆனா கிரைண்டர் கல்லோட போனா, பிளேன்ல ஏத்துற 23 கிலோ பெட்டியில ஏறக்குறைய பாதியை அதுவே தின்னுடும்; அதை விட்டுட்டு அந்த இடத்துல ராகி மாவும் புளியும் வெச்சா பொண்ணு சந்தோஷப்படும். மிக்ஸிக்கு ஒரு கப்ளர் (மோட்டாரையும் ஜாரையும் இணைக்கிற துண்டு), ஜாருக்கு இரண்டு வாஷர் கூடப் போட்டு விடுங்க. அங்கே அதுக்கு அலையணும்.

போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர்ல 100–240ன்னு போட்டிருந்தா பயமில்லை. அதுக்கு மட்டும் கடைக்காரர் சொன்ன அடாப்டர் போதும்.

கேள்வி: எனக்கு துபாயில் வேலை. மிக்ஸி எடுத்துப் போகலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: தாராளமா எடுத்துட்டுப் போங்க தம்பி. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பின்தான் வேற: பட்டையா மூணு பின், உள்ளே ஃபியூஸ். அடாப்டர்ல தொங்க விடாம, போனதும் பிளக் டாப்பையே மாத்திடுங்க. ஜார்ல பிளேடு இருக்கு, கைப்பையில வைக்காதீங்க.