கீப், புட், பிளேஸ், ஃபிக்ஸ், அட்டாச், ஃபாஸன்: எல்லாமே வைக்கிறதும் மாட்டுறதும்தானே, எப்படி பிரிச்சுப் பார்க்கிறது?

நீங்களும் என்னை மாதிரி தமிழ் மீடியம்னு நினைக்கிறேன், இல்லன்னா இந்த சந்தேகமே வந்திருக்காது. நமக்கு "வை" ஒண்ணு போதும், டேபிள்ல வை, பத்திரமா வெச்சுக்கோ, எல்லாம் அதுலயே முடிஞ்சுடும். இங்கிலீஷ்ல கையில இருக்கிறதை ஒரு இடத்துல வைக்கிற செயலுக்கு மட்டும் புட், வெச்சது அங்கயே இருக்கணும்னா கீப். பிளேஸ்ங்கிறது புட் மாதிரியேதான், ஆனா இடம் பார்த்து நிதானமா வைக்கிறது.

இதுல எனக்கு ஒரு கோவம் இருக்கு. நான் கோத்தகிரில ஒரு ஹோம்ஸ்டே பார்த்துக்கிறேன், இங்க ராத்திரி கரடி வரும், சாப்பாட்டு வாசனை அடிச்சா கதவு வரைக்கும் வந்துடும், அதனால ஒவ்வொரு ரூம்லயும் "கீப் தி டஸ்ட்பின் இன்சைட், ஃபாஸன் தி பேக் டோர் அட் நைட்"னு நானே எழுதி ஒட்டியிருக்கேன். சீசன்ல வந்த கெஸ்ட் ஒருத்தர் எல்லார் முன்னாடியும் "கீப் எல்லாம் தப்பான இங்கிலீஷ், புட்னு மாத்துங்க"ன்னாரு. நான் மாத்தல. புட்னு எழுதினா ஒரு தடவ உள்ள வெச்சா வேலை முடிஞ்சுது, எனக்கு வேண்டியது அது தங்குற நாள் பூரா உள்ளயே இருக்கணும். "சார், பேகை டேபிள் மேல வைக்கிறதுக்கு கீப்னு சொன்னா நீங்க சொல்றது நியாயம், அது நம்ம ஊர் பழக்கம், அங்க புட்தான் வரணும், ஆனா இது வேற"ன்னு அவர்கிட்டயே சொல்லிட்டேன். தமிழ் மீடியம்னா ஒண்ணும் தெரியாதுன்னு ஏன் முடிவு பண்றாங்கன்னு தெரியல.

கரடி வர்றதுக்கும் காரணம் இருக்கு, பச்சைத் தேயிலைக்கு கட்டுபடியாகிற விலை இல்லாம சின்ன தோட்டக்காரங்க பலபேரு செடியை வெட்டாம விட்டுட்டாங்க, எல்லாம் புதர் மண்டிக் கிடக்கு, பகல்ல அது அதுக்குள்ளதான் படுக்குது. இதையெல்லாம் யாரு கேக்குறா.

சரி, மாட்டுற விஷயம். எது அதைப் பிடிச்சு நிக்க வைக்குதுன்னு பாருங்க. ஸ்குரூ, போல்ட்டு போட்டு அசையாம நிறுத்தினா ஃபிக்ஸ். ஒண்ணோட இன்னொண்ணைச் சேர்த்தா அட்டாச், குழாய்ல ஹோஸ் சேர்க்கிறதும் மெயில்ல ஃபைல் சேர்க்கிறதும் இதுதான். தாழ்ப்பாள், பக்கிள், கொக்கி போட்டு இறுக்கிட்டு வேணும்போது கழட்டினா ஃபாஸன், சீட் பெல்ட்டுக்கு சொல்றாங்களே அது. கயிறுன்னா டை, பசைன்னா ஸ்டிக். தரையில நீளமா படுக்க வெச்சுப் போடுறதுக்கு லே. மேட்டுப்பாளையத்துலேர்ந்து குன்னூருக்கு 1899ல ரயில் விட்டாங்கல்ல, அதுக்கு தண்டவாளம் போட்டது லே, கல்லாருக்கு மேல ஏத்தத்துல நடுவுல பல்லு வெச்ச இரும்புச் சட்டம் இருக்கே அதை இறுக்கி நிறுத்தினது ஃபிக்ஸ்.

கிராமர் தெரிஞ்சவங்க சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், இது முழு விதி இல்ல, ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு வர்றதும் உண்டு. முக்கியமா ஃபிக்ஸுக்கு ரிப்பேர் பண்றதுன்னும் அர்த்தம், அமெரிக்காக்காரங்க பெரும்பாலும் அப்படித்தான் எடுத்துக்குவாங்க. "ஃபிக்ஸ் தி ஃபேன்"னா ஃபேன் ஓடலன்னு நினைப்பாங்க, அதனால புது ஃபேன் மாட்டணும்னா இன்ஸ்டால்னே சொல்லிடுங்க.